வளைவை முதலில் பார், படுக்கையைப் பிறகு பார்

ஜீயபுரம்

அன்புள்ள யாழினி,

ஜெர்மனியின் ஆகனில் படிக்கப் போன இடத்தில் உனக்கும் கார்ப் பந்தய ஆசை வந்துவிட்டது என்று உங்க அப்பா போனில் சொன்னார். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுதி முடியாது. நம் குடும்பத்தில் இத்தனை காலமும் அந்த ஆசை எனக்கு மட்டும்தான் இருந்தது. 2025 ஏப்ரலில் பெல்ஜியத்தின் ஸ்பா தடத்தில் நடந்த 12 மணி நேரப் பந்தயத்தில் அஜித் குமார் அணி தன் பிரிவில் இரண்டாவதாக வந்த பிறகு, கரூர் ரோட்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் பையன்கள்கூட ஸ்பா என்கிறார்கள். நீயோ அந்தத் தடத்திலிருந்து ஐம்பது கிலோமீட்டர் சொச்சத்தில் குடியிருக்கிறாய்.

நீ கேட்டவை இரண்டு. ஜூலையில் ஸ்பாவில் வரும் ஃபார்முலா ஒன்னுக்கு ரைடியோன் ஸ்டாண்டில் டிக்கெட் எடுக்கலாமா? தடத்துக்குப் பக்கத்தில் எந்த ஹோட்டல் நல்லது? முதல் தடவை ஃபார்முலா ஒன்னுக்குப் போக வேண்டாம், தடத்துக்குப் பக்கத்தில் ஹோட்டலும் வேண்டாம் என்பதுதான் என் பதில். மாணவியின் கையில் இருக்கும் பணத்துக்கு இதைவிட நல்ல வழி இருக்கிறது.

முதலில் கண்ணுக்கு என்ன கிடைக்கும் என்று கணக்குப் போடு. நேர்ப்பாதையில் கார் மணிக்கு 300 கிலோமீட்டரில் வந்தால், வினாடிக்கு 83 மீட்டர். உன் கண்முன்னே நூறு மீட்டர் தடம் தெரிகிறது என்று வை. ஒரு வினாடிக்குச் சற்று மேல் அந்தக் கார் உன்னுடையது, அவ்வளவுதான். அதே கார் கொண்டைஊசி வளைவில் 70 கிலோமீட்டருக்கு இறங்கினால் அந்த நூறு மீட்டரைக் கடக்க ஐந்து வினாடி ஆகும். ஓட்டுபவர் எங்கே பிரேக் போடுகிறார், ஸ்டியரிங்கை எத்தனை முறை திருத்துகிறார், பின்சக்கரம் வழுக்குகிறதா என்றெல்லாம் பார்க்க அந்த ஐந்து வினாடி போதும். ஸ்ரீரங்கத்தில் சித்திரைத் தேர் பார்க்க உன்னைக் கூட்டிப் போகும்போதெல்லாம் வீதியின் நடுவில் நிற்காமல் முனைக்கு ஏன் இழுத்துக்கொண்டு போனேன் என்று நினைத்துப் பார். நேர் வீதியில் தேர் வந்து போய்விடும். முனையில்தான் முட்டுக்கட்டை போடுபவரின் கை, வடம் பிடிப்பவர்களின் தாளம், தேரே தயங்கித் திரும்புவது எல்லாம் தெரியும். பந்தயத்திலும் ஓட்டுபவரின் திறமை வளைவில்தான் வெளிப்படும்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது தமிழ்நாட்டில் பந்தயம் என்றால் சோழவரம். அது இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம். 1953ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. நிலம் தட்டையாக இருக்கும், முன்வரிசையில் இல்லாதவருக்கு முதுகுகள்தான் தெரியும். பிறகு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது, கோவை செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் ஒன்று வந்தது. நாராயண் கார்த்திகேயனும் கருண் சந்தோக்கும் இந்த மண்ணிலிருந்துதான் ஃபார்முலா ஒன் வரை போனார்கள். ஆனால் மேடும் பள்ளமுமான தடத்தில் பார்வையாளருக்குக் கிடைக்கும் சுகம் என்ன என்பதை நான் வேலை நிமித்தம் ஜெர்மனியில் இருந்த காலத்தில், ஸ்பா தடம் இருக்கும் ஆர்டென் மலைக்காட்டில்தான் தெரிந்துகொண்டேன்.

ஸ்பா தடம் 7.004 கிலோமீட்டர். உச்சிக்கும் அடிவாரத்துக்கும் சுமார் நூறு மீட்டர் வித்தியாசம். டி.வி. கேமரா இந்த ஏற்ற இறக்கத்தை நசுக்கித் தட்டையாக்கிவிடும். ஓ ரூஜ் பள்ளத்திலிருந்து ரைடியோன் உச்சிக்கு ஏறுவது கிட்டத்தட்ட 40 மீட்டர், பத்து மாடிக் கட்டடத்துக்கு மேல். அதை நேரில் ஒரு தடவை கீழே நின்று அண்ணாந்து பார்த்தே ஆக வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் அங்கே ஸ்டாண்டில் பெரிய விலை கொடுத்து ஞாயிறு முழுக்க உட்காராதே. பயிற்சிச் சுற்றின்போது போய்ப் பார்த்துவிட்டு வா. காய்ந்த தடத்தில் நல்ல கார்கள் அந்த மேட்டை ஆக்சிலரேட்டரைத் தளர்த்தாமலே ஏறிவிடுகின்றன. முந்துவது பெரும்பாலும் அதற்கு அப்புறம், கெம்மெல் நேர்ப்பாதையின் முடிவில் லே கோம்ப் வளைவுக்குப் பிரேக் போடும் இடத்தில் நடக்கிறது. தொடக்கத்தில் நெரிசலும் உரசலும் பார்க்க வேண்டுமா, லா சூர்ஸ் கொண்டைஊசிக்குப் போ.

எனக்குப் பிடித்த இடம் பூஓன். இரட்டை இடது வளைவு, இறக்கத்தில் வருகிறது. வெளிப்புறச் சரிவில் புல் மேடு, பொது நுழைவுச் சீட்டுக்காரர்கள் உட்காரும் இடம். கார் மேட்டிலிருந்து இறங்குவதைப் பார்க்கலாம், வளைவில் முன்சக்கரம் பிடிமானத்தை இழந்து வெளியே தள்ளுவதைப் பார்க்கலாம், ஓட்டுபவர் பொறுத்திருந்து அதை மீட்பதையும் பார்க்கலாம். கம்பிவலைக்கு ஒட்டி நிற்காதே. வலை கண்ணை மறைக்கும். பத்தடி பின்னால் மேட்டில் ஏறி உட்கார்ந்தால் வலைக்கு மேலே பார்வை போகும். வேலிக்கு வெளியே நில் என்று பலகை சொன்னால் வெளியேதான் நிற்க வேண்டும். 1955ல் லே மான்ஸில் ஒரு கார் சிதறிக் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். இன்று பார்வையாளர்களைத் தடத்திலிருந்து இத்தனை தள்ளி நிறுத்துவது அப்படிப்பட்ட சாவுகளுக்குப் பிறகு வந்த ஒழுங்கு.

ஏன் ஃபார்முலா ஒன் வேண்டாம் என்றேன்? ஸ்பாவில் அந்தப் பந்தயம் 44 சுற்று. அட்டவணையிலேயே மிகக் குறைவு அதுதான், தடம் அவ்வளவு நீளம். ஒரே இடத்தில் உட்கார்ந்தால் ஒவ்வொரு காரையும் 44 முறை பார்ப்பாய், ஒன்றரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். கூட்டத்தில் இடம் மாறவும் முடியாது. அதே ஸ்பாவில் ஏப்ரல் வாக்கில் அஜித் ஓட்டியது போன்ற 12 மணி நேரப் பந்தயம், மே மாதம் உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்பின் 6 மணி நேரம், ஜூன் இறுதியில் 1924ல் தொடங்கிய புகழ்பெற்ற 24 மணி நேரம். இவற்றில் பொது டிக்கெட் வைத்துக்கொண்டு காட்டுப்பாதையில் நடந்து வளைவு வளைவாகப் போகலாம். காலையில் லா சூர்ஸ், மதியம் லே கோம்ப், சாயங்காலம் பூஓன், இருட்டியதும் பிளான்ஷிமோன். வெவ்வேறு வேகப் பிரிவுக் கார்கள் ஒன்றாக ஓடுவதால் யாராவது யாரையாவது முந்திக்கொண்டே இருப்பார்கள். கார்கள் நிற்கும் பேடாக் பகுதிக்குள்ளும் பெரும்பாலும் விடுவார்கள். மெக்கானிக் டயர் மாற்றுவதைக் கைக்கெட்டும் தூரத்தில் நின்று பார்த்தால், மெக்கானிக்கல் படிக்கும் உனக்கு ஒரு செமஸ்டர் பாடம் கிடைக்கும். விலையும் ஃபார்முலா ஒன்னோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு.

அதற்காக ஃபார்முலா ஒன்னை நாளை என்று ரொம்பவும் தள்ளிப் போடவும் கூடாது. 2028லும் 2030லும் ஸ்பாவில் ஃபார்முலா ஒன் கிடையாது என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. எண்டியூரன்ஸ் ஒன்றைப் பார்த்து, தடத்தைக் காலால் நடந்து தெரிந்துகொண்ட பிறகு, அடுத்த ஆண்டு அதற்குப் போ. அப்போது எந்த இடத்துக்குப் பணம் கொடுக்கலாம் என்று உனக்கே தெரிந்திருக்கும்.

மழையைப் பற்றிச் சொல்லாமல் ஸ்பாவைப் பற்றி எழுதவே கூடாது. தடத்தின் ஒரு முனையில் வெயில், மறுமுனையில் கொட்டும் மழை, இது அங்கே சாதாரணம். 2021 ஆகஸ்ட் 29 அன்று ஃபார்முலா ஒன் ரசிகர்கள் மணிக்கணக்காக நனைந்துகொண்டு காத்திருந்தார்கள். கடைசியில் பாதுகாப்புக் காருக்குப் பின்னால் சில சுற்று ஊர்ந்துவிட்டுப் பந்தயத்தை முடித்து, பாதிப் புள்ளி கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுக்கு மட்டும் டிக்கெட் எடுத்து வந்தவர்களுக்குக் ஃபார்முலா ஒன் பந்தயம் என்று பார்க்க ஒன்றுமே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், ஸ்டாண்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு நாள் கூடுதலாக வாங்கு. வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் கூட்டம் குறைவு, நடக்க வசதி. குடை கொண்டு போகாதே, பின்னால் இருப்பவர் பார்க்க முடியாது. நல்ல ரெயின்கோட், சேற்றுக்குத் தாங்கும் ஷூ, உட்கார ஒரு பிளாஸ்டிக் விரிப்பு. காதுக்குப் பஞ்சு போதாது, மருந்துக்கடையில் காதடைப்பான் வாங்கிக்கொள்.

இனி படுக்கை. தடத்தைச் சுற்றியுள்ள ஃபிராங்கோர்ஷாம், ஸ்டாவெலோ, மல்மெடி, ஸ்பா எல்லாமே சிறிய ஊர்கள். இருக்கும் அறைகளை அணிகளும் பத்திரிகைக்காரர்களும் ஆண்டாண்டாகப் பிடித்து வைத்திருப்பார்கள். மிஞ்சியதற்கு மூன்று இரவு கட்டாயம் என்பார்கள், விலையும் பல மடங்கு. வரைபடத்தில் மூன்று கிலோமீட்டர் என்று தெரியும். நடந்து பார்த்தால் விளக்கில்லாத காட்டுச்சாலையில் மலையேற்றம். பகலில் போவது எளிது, பந்தயம் முடிந்து எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்பும்போதுதான் சிக்கல். ஆகவே எங்கே தூங்குவது என்பதை எப்படி வெளியேறுவது என்பதிலிருந்து யோசி. ரயில் இருக்கும் ஊரைப் பிடி. வெர்வியேயும் லியேஜும் தடத்துக்குத் தள்ளி இருந்தாலும் விடுதி கிடைக்கும், ரயில் ஓடும். பெரிய பந்தயங்களுக்குத் தனிப் பேருந்து விடுவார்கள். எந்த ஊரிலிருந்து, கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுப் பிறகு அறை போடு, ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் அறையாகப் போடு.

உன் விஷயத்தில் இன்னும் சுலபம். ஆகனிலிருந்து வெர்வியேக்கு ரயில் இருக்கிறது. நண்பர் யாரிடமாவது கார் இருந்தால் ஒரு நாள் பந்தயத்துக்கு உன் அறையிலிருந்தே போய்வரலாம். பந்தயம் முடிந்ததும் வாசலுக்கு ஓடாதே. மேட்டிலேயே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கிளம்பு, பார்க்கிங்கில் நிற்கும் நேரம் மிச்சம். புளியோதரை கட்டிக்கொண்டு போ. பெல்ஜியத்து உருளைக்கிழங்கு வறுவல் ருசிதான், ஆனால் வழக்கமாக அதை மாட்டுக் கொழுப்பில் பொரிப்பார்கள், கேட்டுவிட்டு வாங்கு.

24 மணி நேரப் பந்தயத்துக்கு மட்டும் கூடாரம்தான் சரி. இரவு இரண்டு மணிக்கு எழுந்து, சிவந்து ஒளிரும் பிரேக் தகடுகளை இருட்டில் பார்த்துவிட்டு மறுபடி வந்து படுக்கலாம். அந்தச் சுகம் ஹோட்டலில் கிடையாது. ஜூனிலும் அங்கே இரவில் குளிரும், நல்ல தூக்கப்பை வேண்டும். தோழிகளோடு போகிறாய் என்றால் குடும்பங்கள் தங்கும் பகுதி இருக்கிறதா என்று கேட்டு எடு. சில முகாம்களில் விடிய விடியப் பீரும் பாட்டும்தான். கூட்டத்தில் செல்போன் சிக்னல் திணறும், ஆகையால் பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற தடங்களைப் பற்றிச் சுருக்கமாக. நூர்பர்க்ரிங் உனக்கு ஜெர்மனிக்குள்ளேயே இருக்கிறது. வடக்குத் தடம் 20.832 கிலோமீட்டர், அதில் புரூன்ஷென் மேட்டிலிருந்து அடுத்தடுத்து வளைவுகள் தெரியும். லே மான்ஸுக்குப் பாரிஸிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரம், ஊருக்குள்ளிருந்து தடத்துக்கு டிராம். 2012ல் கருண் சந்தோக் இருந்த அணி அங்கே ஒட்டுமொத்தமாக ஆறாவதாக முடித்தது. மோன்சாவுக்கு மிலானில் தங்கி ரயிலேறு. மொனாக்கோவுக்கு நீஸில் தங்கி ரயிலேறு, மொனாக்கோவில் அறை தேடவே தேடாதே. ஆனால் அது தெருத் தடம். 2024ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடந்த இரவுப் பந்தயம் போல, எந்த இடத்துக்குச் சீட்டு வாங்கினாயோ அங்கேயேதான் இருக்க வேண்டும். முதல் அனுபவத்துக்கு ஏற்றதல்ல. ஹங்கேரித் தடம் கிண்ணம் போன்ற பள்ளத்தாக்கு, ஒரே இடத்திலிருந்து நிறைய தெரியும். சில்வர்ஸ்டோன் அருமையான தடம், ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு பிரிட்டன் விசா தனியாக எடுக்க வேண்டும், உன் ஜெர்மன் குடியிருப்பு அட்டை அங்கே செல்லாது. மற்ற ஊர்களுக்கு அந்த அட்டையும் பாஸ்போர்ட்டும் கையில் இருந்தால் போதும், எல்லை தாண்டும்போது இரண்டையும் எடுத்துப் போக மறக்காதே.

எந்தப் பந்தயம், எத்தனை பேர், காரா ரயிலா என்று முடிவு செய்து எழுது. டிக்கெட்டில் போட்டிருக்கும் வாசல் பெயரையும் எழுது. ஸ்பாவில் ஒரு வாசலுக்கும் இன்னொரு வாசலுக்கும் நடுவே காட்டுக்குள் வெகுதூரம் நடக்க வேண்டும், பூஓன் மேட்டுக்குக் கிட்ட எது என்று தடத்தின் படத்தில் குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அத்தை