கடையின் திறப்பை வாடகைக்கு எடுக்கலாமா?

வியாபாரம் என்றால் கடையும் கல்லாப் பெட்டியும் என்றிருந்த காலம் போய்விட்டது. இன்று ஏறாவூர், காத்தான்குடி தொடக்கம் மருதமுனை வரை வாவிக் கரையோரத்தில் உள்ள நமது வியாபாரிகள் பலரின் பாதிக் கடை கையடக்கத் தொலைபேசிக்குள் வந்துவிட்டது. புடவைக் கடைக்கு வட்ஸ்அப், கைத்தறிச் சாரனுக்கு பேஸ்புக் பக்கம், வீட்டிலிருந்து அபாயா தைத்து விற்கும் சகோதரிக்கு இன்ஸ்டகிராம் என்று ஆளுக்கொரு கணக்கு இருக்கிறது. இவற்றில் எதைத் திறப்பதென்றாலும் தொலைபேசி இலக்கம் ஒன்று தேவைப்படுகிறது. இலக்கத்தைக் கொடுத்ததும் அதற்கு ஒரு கோட் வரும். அந்தக் கோட்டைப் பதிந்தால் கணக்கு திறக்கும்.

இந்தக் கோட்டைப் பெறுவதற்காகவே இணையத்தில் இலக்கங்களை வாடகைக்கு விடுகிறார்கள். சிம் அட்டை தேவையில்லை. அடையாள அட்டையும் தேவையில்லை. இவற்றை மெய்நிகர் இலக்கங்கள் என்கிறார்கள். இவற்றை நம்பி நமது கடைக் கணக்கைத் திறக்கலாமா என்பதையே இந்த வாரம் பார்க்கப் போகின்றோம்.

ஒரு கடைக்கு நேர்ந்தது

நமக்குத் தெரிந்த ஒரு புடவை வியாபாரி. கடையில் உதவிக்கு நின்ற இளைஞர் ஒருவர், கடைக்கென்று வட்ஸ்அப் கணக்கு ஒன்றைத் திறந்து கொடுத்தார். வெளிநாட்டு இலக்கம் என்றால் வாடிக்கையாளர் மதிப்பார்கள் என்று நினைத்து, ஒரு செயலியில் மாத வாடகைக்கு எடுத்த அமெரிக்க இலக்கத்தில் அதைப் பதிந்தார். வாடகை அவரது வங்கி அட்டையிலிருந்து போய்க் கொண்டிருந்தது. இரண்டு வருடங்கள் எந்தக் குறையுமில்லை. பின்னர் இளைஞர் கட்டாருக்குத் தொழிலுக்குப் போனார். அட்டை காலாவதியானது. வாடகை நின்றது. இலக்கமும் கைவிட்டுப் போனது. இது எதுவும் கடைக்காரருக்குத் தெரியாது. ஏனென்றால் தொலைபேசியில் வட்ஸ்அப் வழமைபோல் இயங்கிக் கொண்டுதான் இருந்தது.

நோன்புப் பெருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கையில் அந்தத் தொலைபேசி விழுந்து பழுதானது. புதிய தொலைபேசியில் வட்ஸ்அப்பைப் போட்டார். கோட் கேட்டது. கோட் போன இலக்கம் இப்போது அவருடையதல்ல. புறக்கோட்டை மொத்த வியாபாரிகளின் தொடர்புகள், வாடிக்கையாளர் அனுப்பிய அளவுகள், யார் எவ்வளவு முற்பணம் கட்டினார் என்ற விபரம் எல்லாம் அதற்குள்ளேயே இருந்தன. சேமித்து வைத்த பிரதியைத் திரும்ப எடுப்பதற்கும் அதே இலக்கம்தான் தேவைப்பட்டது. முற்பணம் கட்டியவர்கள் கடை வாசலுக்கு வந்தபோது அவரிடம் கணக்கு இல்லை. வந்தவர்கள் சொன்ன தொகையை நம்பி உடுப்பும் காசும் கொடுத்தார்.

"கடைத் திறப்பு என்ட கையிலதான் இரிக்கி தம்பி. ஆனா பூட்டு வேற யாருடயதோ ஆயிட்டு" என்றார் அவர்.

இதில் இன்னுமொரு ஆபத்தும் உண்டு. அந்த இலக்கத்தை அடுத்து வாடகைக்கு எடுப்பவர் அதில் வட்ஸ்அப் திறந்தால், கடைக்கு என்று வாடிக்கையாளர் அனுப்பும் செய்திகள் அவருக்கே போய்ச் சேரும். அவர் "முற்பணத்தை இந்தக் கணக்கில் போடுங்கள்" என்று பதில் அனுப்பினால் எத்தனை பேர் சந்தேகப்படுவார்கள்?

மெய்நிகர் இலக்கம் எவ்வாறு இயங்குகிறது?

சாதாரண இலக்கம் ஒரு சிம் அட்டையுடன் இணைந்தது. அந்தச் சிம் உங்கள் தேசிய அடையாள அட்டையின் பெயரில் பதியப்பட்டது. சிம் தொலைந்தால் அடையாள அட்டையுடன் நிறுவனத்தின் கிளைக்குப் போய் அதே இலக்கத்தை மீண்டும் பெறலாம். மெய்நிகர் இலக்கம் அப்படியல்ல. ஒரு நிறுவனம் இலக்கங்களை மொத்தமாக வாங்கி, அவற்றுக்கு வரும் குறுந்தகவல்களைத் தனது கணினியில் பெற்று, செயலியிலோ இணையத்தளத்திலோ உங்களுக்குக் காட்டுகிறது. இலக்கம் அந்த நிறுவனத்துடையது. உங்களுக்கு இருப்பது பார்க்கும் அனுமதி மாத்திரமே.

இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

1. இலவசப் பொது இலக்கங்கள். இவற்றுக்கு வரும் செய்திகளை இணையத்தளத்தைத் திறக்கும் எவரும் வாசிக்கலாம். உங்களுக்கு வரும் கோட்டை உலகமே பார்க்கும்.

2. ஒரே ஒரு கோட்டுக்காகச் சில நிமிடங்களுக்கு வாடகைக்குத் தரப்படும் இலக்கங்கள். கோட் வந்ததும் உங்கள் உரிமை முடிந்துவிடும்.

3. மாத, வருட வாடகை இலக்கங்கள். வாடகை கட்டும்வரை உங்களுக்கு மட்டுமே உரியவை. மூன்றிலும் ஓரளவு நம்பத்தக்கது இதுதான். ஆனால் மேலே சொன்ன புடவை வியாபாரி ஏமாந்ததும் இதில்தான்.

நம்மில் பலர் கோட் என்பது கணக்கைத் திறக்கும் நாளில் ஒருமுறை வரும் விடயம் என்று நினைக்கிறார்கள். அது தவறு. தொலைபேசி மாறினால், கடவுச்சொல் மறந்தால், யாராவது கணக்கைப் பறிக்க முயன்றால், நீங்கள்தான் உரிமையாளர் என்று நிரூபிக்க அதே இலக்கத்துக்கே மீண்டும் கோட் வரும். திறக்கும் நாளில் கிடைக்கும் கோட்டை விட, பிரச்சினை வரும் நாளில் கிடைக்க வேண்டிய கோட்தான் பெறுமதியானது.

உலகம் கற்ற பாடம்

அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். இரண்டு பெரிய தொலைபேசி நிறுவனங்கள் புதிய வாடிக்கையாளருக்குக் கொடுக்க வைத்திருந்த 259 இலக்கங்களை அவர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் 171 இலக்கங்கள், முன்னர் வைத்திருந்தவர்களின் இணையக் கணக்குகளுடன் இன்னும் இணைந்திருந்தன. சாதாரண இலக்கத்தைக் கைவிட்டாலே இந்த நிலை என்றால், கைமாறுவதற்கென்றே உள்ள வாடகை இலக்கத்தைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது சம்பவம் 2025 ஒக்டோபரில் லத்வியா நாட்டில் நடந்தது. கோட் பெறுவதற்கு இலக்கங்களை வாடகைக்கு விட்ட ஒரு கும்பலை, ஐரோப்பிய பொலிஸ் அமைப்பான யூரோபோலின் துணையுடன் பொலிஸார் பிடித்தனர். 1,200 சிம் பெட்டிகளும் அவற்றில் இயங்கிய 40,000 சிம் அட்டைகளும் கைப்பற்றப்பட்டன. அந்தச் சேவையின் ஊடாக 4 கோடி 90 இலட்சத்துக்கும் அதிகமான இணையக் கணக்குகள் திறக்கப்பட்டதாக யூரோபோல் தெரிவித்தது. இலக்கங்களை வாடகைக்கு எடுத்தவர்களில் மோசடிக்காரர்கள் நிறையப் பேர். பெரிய நிறுவனங்கள் இவ்வகை இலக்கங்களைச் சந்தேகத்துடன் பார்ப்பதற்குக் காரணம் இதுதான். இணையவழி இலக்கங்களைத் தாம் ஏற்பதில்லை என்று வட்ஸ்அப் தனது உதவிப் பக்கத்திலேயே சொல்கிறது. சில இலக்கங்கள் பதிவாகிவிடுவதுண்டு. ஆனால் எப்போது துண்டிக்கப்படும் என்று சொல்ல முடியாது.

அப்படியானால் மெய்நிகர் இலக்கமே கூடாதா?

அப்படிச் சொல்ல முடியாது. வெளிநாட்டில் உள்ள வாடிக்கையாளர் உள்ளூர்க் கட்டணத்தில் அழைப்பதற்கு ஓர் இலக்கம் வைத்திருப்பது நியாயமான தேவை. பல ஊழியர்கள் ஒரே இலக்கத்தில் பதிலளிப்பதற்கும் அது உதவும். வாடிக்கையாளர் அழைக்கும் இலக்கமாக அதை வைத்துக் கொள்ளலாம். கணக்கின் உரிமையை நிரூபிக்கும் இலக்கமாக வைக்கக் கூடாது.

வீட்டிலிருந்து தொழில் செய்யும் சகோதரிகள் மெய்நிகர் இலக்கத்தைத் தேடுவதற்கு வலுவான காரணம் உண்டு. சொந்த இலக்கத்தைப் பகிரங்கமாகப் போட்டால் இரவு பகலாக வேண்டாத அழைப்புகள் வருகின்றன. இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, தமது பெயரிலேயே இரண்டாவது சிம் ஒன்றை எடுத்துத் தொழிலுக்கு மட்டும் வைத்துக் கொள்வது. மற்றது, வீட்டிலோ கடையிலோ உள்ள 065 நிலையான தொலைபேசி இலக்கத்தைப் பயன்படுத்துவது. வியாபாரிகளுக்கென 2018இல் வெளியான வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியில் நிலையான இலக்கத்தையும் பதியலாம். குறுந்தகவலுக்குப் பதிலாக அழைப்பைத் தெரிவு செய்தால், தொலைபேசி மணி அடித்து கோட்டை வாயால் சொல்லும்.

இன்றே செய்ய வேண்டியவை

1. கடையின் ஒவ்வொரு கணக்கும் எந்த இலக்கத்தில், யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். உதவிக்கு நிற்பவரின் சிம்மிலோ, முடிந்துபோன சவூதி, கட்டார் சிம்மிலோ இருந்தால் அதுவும் வாடகை இலக்கத்துக்குச் சமமே.

2. வாடகை இலக்கத்தில் இருப்பவர்கள், கணக்கு இயங்கிக் கொண்டிருக்கும்போதே வட்ஸ்அப்பின் அமைப்புகளில் உள்ள இலக்கம் மாற்றும் வசதியால் சொந்த இலக்கத்துக்கு மாறிக் கொள்ளுங்கள். குழுக்களும் செய்திகளும் கூடவே வரும். தொலைபேசி பழுதான பின்னர் இதைச் செய்ய முடியாது.

3. இரண்டு கட்டச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க இரகசிய எண்ணையும் மின்னஞ்சலையும் கொடுங்கள். கோட் வேறொருவர் கைக்குப் போனாலும் இது தடுப்பாக நிற்கும்.

4. கூகுள் கணக்கில் இதே பாதுகாப்பை இயக்கினால் 10 மாற்றுக் கோட்களைப் பெறலாம். அவற்றைத் தாளில் எழுதி, காணி உறுதி வைத்திருக்கும் பெட்டிக்குள் வையுங்கள்.

5. தொழில் சிம்முக்குத் தவறாமல் ரீலோட் போடுங்கள். நீண்ட காலம் கவனிக்காமல் விட்ட இலக்கம் துண்டிக்கப்பட்டு இன்னொருவருக்குப் போகலாம்.

6. வந்த கோட்டை எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். உங்கள் அடையாள அட்டையில் சிம் எடுத்து அறியாதவருக்குக் கொடுக்கவும் வேண்டாம். அதில் நடக்கும் மோசடிக்கு பொலிஸார் முதலில் தேடி வருவது உங்களைத்தான். கணக்கு பறிபோனால் இலங்கை கணினி அவசர நிலைப் பிரிவின் 101 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

அந்தப் புடவை வியாபாரி இப்போது தனது பெயரில் எடுத்த சிம்மில் புதிய கணக்கு திறந்திருக்கிறார். வாடிக்கையாளரை ஒவ்வொருவராகச் சேர்த்து வருகிறார். முற்பணம் வாங்கினால் வட்ஸ்அப்பில் பதிவதுடன் பழையபடி கொப்பியிலும் எழுதுகிறார். வாடகைக்குக் கடை எடுத்து வியாபாரம் செய்வதில் தவறில்லை. ஆனால் அதன் திறப்பு நம்மிடம் இருக்க வேண்டும். இந்தப் பத்திரிகையை வைத்துவிட்டு, உங்கள் கடைக் கணக்குக்கு வரும் கோட் யாருடைய தொலைபேசிக்கு வரும் என்று ஒருமுறை பாருங்கள்.