கப்பலுக்குக் காவல்

மட்டாஞ்சேரிக்கு எதிரே வில்லிங்டன் தீவு. அங்கே கொச்சித் துறைமுகம்.

கப்பலில் யாரும் சும்மா ஏற முடியாது. ஏணி அருகே காவலர் நிற்பார். அட்டையைக் கேட்பார். பெயரை எழுதுவார். 2004 ஜூலை முதல் வெளிநாடு போகும் பெரிய கப்பல்களில் காவலுக்கென்றே ஓர் அதிகாரி உண்டு. எழுதி வைத்த திட்டமும் உண்டு.

நடுக்கடலில் வேறு பயம். கொள்ளையர் வரலாம். படகு நெருங்கினால் சங்கு ஊத வேண்டும். வேகம் கூட்ட வேண்டும். தண்ணீரைப் பீய்ச்ச வேண்டும். துப்பாக்கி கடைசியில்தான்.

2012 பிப்ரவரி 15. கேரளக் கடலில் 'என்ரிகா லெக்சி' என்ற இத்தாலிக் கப்பல் சென்றது. ஒரு படகு எதிர்ப்பட்டது. காவலுக்கு இருந்த இத்தாலிய வீரர்கள் சுட்டார்கள். கொள்ளையர் என்று நினைத்தார்களாம். அது மீன்பிடிப் படகு! இருவர் இறந்தனர். ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர்.

கப்பல் கொச்சிக்குக் கொண்டுவரப்பட்டது. வழக்கு ஒன்பது ஆண்டு நடந்தது. 2021-இல் இத்தாலி 10 கோடி ரூபாய் கொடுத்தது. இறந்தவர் குடும்பங்களுக்குத் தலா 4 கோடி. படகுக்காரருக்கு 2 கோடி.