ஆற்றுக்கு மேலே யார்? – சாண்ட்ரா ஸ்டைன்கிராபர் வாழ்க்கை சொல்லும் பாடம்



ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி என்ன? "குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சா?" என்பதுதான். அந்தக் கேள்வியையே திருப்பிப் போட்டவர் அமெரிக்க உயிரியல் ஆய்வாளர் சாண்ட்ரா ஸ்டைன்கிராபர்.

20 வயதில் வந்த சோதனை

1959-ல் பிறந்த சாண்ட்ரா, இலினாய் மாநிலத்தின் டேஸ்வெல் கவுண்டியில் வளர்ந்தார். ஒரு பக்கம் பூச்சிமருந்து தெளிக்கும் சோள வயல்கள். இன்னொரு பக்கம் இலினாய் ஆற்றங்கரைத் தொழிற்சாலைகள். 1979-ல், கல்லூரியில் படிக்கும்போதே, அவருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய்! பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் நோய். நம்ம வயசுதான் அவருக்கு அப்போது என்பதை நினைத்துப் பாருங்கள்.

சிகிச்சை பெற்றார், பிழைத்தார். படிப்பை விட்டாரா? இல்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உயிரியலில் டாக்டர் பட்டமே வாங்கிவிட்டார். திரும்பத் திரும்ப மருத்துவப் பரிசோதனைக்குப் போய்க்கொண்டே இதையெல்லாம் செய்தார்.

ரத்தமா, தண்ணீரா?

அவர் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். அத்தைக்கும் அதே சிறுநீர்ப்பைப் புற்றுநோய். "அப்போ பரம்பரை நோய்தான்" என்று முடித்துவிடுவோம் இல்லையா? அங்கேதான் திருப்பம். சாண்ட்ரா அந்தக் குடும்பத்தின் தத்துப் பிள்ளை! ரத்த உறவே கிடையாது. அப்படியானால் அந்தக் குடும்பத்துக்குள் பொதுவாக இருந்தது எது? ஒரே காற்று, ஒரே தண்ணீர், ஒரே மண்.

இது ஒரு குடும்பத்துக் கதை மட்டுமல்ல. டென்மார்க்கில் தத்துப் பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆய்வு 1988-ல் வெளிவந்தது. வளர்த்த பெற்றோரில் ஒருவர் 50 வயதுக்குள் புற்றுநோயால் இறந்திருந்தால், தத்துப் பிள்ளைக்கும் புற்றுநோயால் இறக்கும் அபாயம் 5 மடங்கு கூடியிருந்தது. பெற்ற பெற்றோர் புற்றுநோயால் இறந்திருந்தாலோ, அப்படி எந்தக் கூடுதலும் தென்படவில்லை. அதற்காகப் பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. சில புற்றுநோய்களில் உண்டு. ஆனால் அதோடு கதை முடிந்துவிடவில்லை.

சிறுநீர்ப்பை ஏன்?

கெமிக்கல், டெக்ஸ்டைல் பிரிவு நண்பர்கள் இதைக் கவனியுங்கள். ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் சாயத் தொழிலாளர்களுக்குச் சிறுநீர்ப்பைக் கட்டிகள் வருவதை லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் 1895-லேயே எடுத்துச் சொன்னார். பின்னாளில் காரணம் தெரிந்தது: பென்சிடின், 2-நாஃப்தைலமின் போன்ற அரோமாட்டிக் அமீன்கள். மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் இவை உடம்புக்குள் நுழைகின்றன. கல்லீரலில் மாற்றம் அடைந்து, சிறுநீரகம் வழியாகச் சிறுநீர்ப்பைக்கு வருகின்றன. அங்கே மணிக்கணக்கில் தேங்கி நிற்கும்போது உட்சுவரைத் தாக்குகின்றன. சிகரெட் புகையிலும் இதே அமீன்கள் இருக்கின்றன என்பதைப் பெட்டிக்கடைப் பக்கம் ஒதுங்கும் நண்பர்கள் மறக்க வேண்டாம்!

ஆய்வும் போராட்டமும்

1997-ல் சாண்ட்ரா எழுதிய 'லிவிங் டவுன்ஸ்ட்ரீம்' வெளிவந்தது. ஆற்றில் மிதந்து வருகிறவர்களை ஓடி ஓடிக் காப்பாற்றுகிறோமே, மேலே நின்று தள்ளிவிடுவது யார் என்று பார்த்தோமா? இதுதான் அந்தப் புத்தகத்தின் கேள்வி. தன் நோய்க்கு இந்த ரசாயனம்தான் காரணம் என்று அவர் அடித்துச் சொல்லவில்லை. ஒரு தனி மனிதரின் நோய்க்கு அப்படி நிரூபிப்பது கஷ்டம். அதற்காக, முழு நிரூபணம் கிடைக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா என்று கேட்டார்.

2011-ல் கிடைத்த ஹெயின்ஸ் விருதின் 1,00,000 டாலரை, நிலத்தடிப் பாறையை உடைத்து எரிவாயு எடுக்கும் முறைக்கு எதிரான இயக்கத்துக்கே கொடுத்தார். 2013-ல் செனகா ஏரிக்கரையில் மறியல் செய்து, அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்கும் போனார். 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலம் அந்த முறைக்குத் தடை அறிவித்தது.

நமக்கு என்ன?

புற்றுநோயைத் தூண்டும் அமீன்களை வெளிவிடும் அசோ சாயங்களை ஜெர்மனி 1994-ல் தடை செய்தது. இந்தியாவும் 1997-ல் அத்தகைய சாயங்களைத் தடை செய்தது. அதற்காக ஆபத்து தீர்ந்தது என்று அர்த்தமில்லை. நாளைக்கு நம்மில் பலர் சூப்பர்வைசர்கள். சாயத்தொட்டி, பெயின்ட் பூத், சால்வென்ட் டிரம் பக்கத்தில் நிற்கப் போகிறவர்கள். நமக்குக் கீழே பத்து ஹெல்பர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள்.

டிரம்மில் என்ன இருக்கிறது என்று லேபிளைப் படியுங்கள். பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள். கையுறை, மாஸ்க், எக்ஸாஸ்ட் ஃபேன் இல்லாமல் வேலையைத் தொடங்காதீர்கள். கழிவுநீர் எங்கே போகிறது என்று ஒருதடவை நடந்து போய்ப் பாருங்கள். சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும், உடனே டாக்டரைப் பாருங்கள்.

ஆற்றுக்கு மேலே நிற்கப் போகிறவர்கள் நாமும்தான் தோழர்களே! கீழே இருப்பவர்களை மறக்காமல் வேலை செய்வோம்.