கட்டை தூக்க வந்த பிள்ளைகளுக்கு

சித்தூரிலோ திருப்பதியிலோ சொல்லிக்கொள்கிற மாதிரி கோல்ஃப் மைதானம் இல்லை. கோல்ஃப் ஆசை வந்த நம் பக்கத்துப் பிள்ளைகள் பெங்களூருக்கு பஸ் ஏறுகிறார்கள், இல்லாவிட்டால் சென்னைக்கு ரயில். நான் குப்பம் ஊர்க்காரன். பன்னிரண்டு வயதில் கோலார் தங்கவயலில் கோல்ஃப் பை தூக்கப் போனேன். பிறகு பெங்களூர் மைதானம் ஒன்றில் முப்பது வருஷம் புல் பார்த்தேன். இப்போது திருப்பதியில் பேரன் பேத்திகளோடு இருக்கிறேன். யோசனை கேட்டு வீட்டுக்கு வருகிற பிள்ளைகளிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் ஒரு சீனியர் போட்டியைப் போய்ப் பாருங்கள். 50 வயது முடிந்த தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கென்றே நடப்பது அது. பெரும்பாலும் மூன்று நாள், 54 குழி. பெரிய பட்டங்களுக்கு மட்டும் நான்கு நாள். ஐரோப்பாவின் சீனியர் சுற்றான லெஜண்ட்ஸ் டூர் 2025 ஆகஸ்ட் கடைசியில் முதல் தடவையாக இந்தியாவுக்கு வந்தது. கிரேட்டர் நொய்டாவில், கிரெக் நார்மன் வடிவமைத்த ஜேபி கிரீன்ஸ் மைதானத்தில் நடந்தது. நம் கோல்ஃப் வீரர் ஜீவ் மில்கா சிங்தான் முன்னின்று அழைத்தார். டிவியில் இருபத்தைந்து வயதுக்காரன் 320 கஜம் அடிப்பதைப் பார்த்து அப்படியே செய்யப் போனால் உங்களுக்கு இடுப்புப் பிடிப்புதான் மிஞ்சும். ஐம்பத்தைந்து வயதுக்காரரிடம் அந்த வேகம் கிடையாது. அவர் வேறு எதை வைத்து ஜெயிக்கிறார் என்று கவனியுங்கள்.

2. பந்தின் பின்னால் கண்ணை ஓட்டாதீர்கள். அடிப்பதற்கு முன் சீனியர் ஆட்டக்காரர் எந்தப் பக்கத்தை வேண்டாம் என்று ஒதுக்குகிறார் என்று பாருங்கள். தண்ணீர் இடப்பக்கம் இருந்தால், கொடி எங்கே இருந்தாலும் பெரியவர் பந்து வலப்பக்கம்தான் போகும். திருமலைக்கு ஏறும் அலிபிரிப் பாதையில் 3,550 படி என்பார்கள். காலிகோபுரம் வரை ஓடிப் போகிற பையன் அங்கே சோடா வாங்கிக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறுகிற பாட்டி அவனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பாள். சீனியர் ஆட்டம் அந்தப் பாட்டி ஏறுகிற மாதிரிதான், நைனா.

3. மைதானத்தைப் பார்க்க விடியற்காலையில் போங்கள். ஆட்டக்காரர்களுக்கு முன்னால், புல் பார்க்கிற மாலிகள் வந்துவிடுவார்கள். ஒருவர் நீளமான மூங்கில் கழியால், குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரையான கிரீன்மேல் விழுந்த பனியைத் தட்டிக்கொண்டு போவார். இன்னொருவர் குழி வெட்டுவார். நேற்றைய குழியில் இன்றைக்கு ஆடுவதில்லை, தினமும் இடம் மாறும். உருளை மாதிரி ஒரு கருவியைப் புல்லில் நிறுத்தி, கைப்பிடியைத் திருகித் திருகி இறக்க வேண்டும். நாலேகால் அங்குல அகலத்தில் மண்ணும் புல்லும் முழுசாக, புட்டுக் குழாயிலிருந்து புட்டு வருகிற மாதிரி வரும். அதை எடுத்துப்போய் நேற்றைய குழியில் வைத்து அடைத்து, காலால் மிதித்துத் தண்ணீர் தெளிக்க வேண்டும். துளி மேடாக இருந்தாலும் பந்து துள்ளும், பள்ளமாக இருந்தால் திரும்பிவிடும். நான் முதல் வருஷம் வைத்த அடைப்பெல்லாம் மேடு. மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் என் கையைப் பிடித்து அதன்மேல் தடவிக் காட்டினார். உள்ளங்கைக்குத் தெரிந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. கிரீனைப் படிக்க நான் கற்றது அன்றைக்குத்தான். நீங்களும் ஒரு தடவை மாலியிடம் கேட்டுத் தடவிப் பாருங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்.

4. பை தூக்க வெட்கப்படாதீர்கள். 'கேடி வேலைக்குப் போறேன்' என்றதும் என் அம்மா, பிள்ளையின் பேரை போலீஸ் ஸ்டேஷனில் எழுதிவிட்டார்கள் என்று நினைத்து அழுதாள். அலி ஷேர் டெல்லியில் கேடியாக இருந்தவர்தான். 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியர் அவர். கல்கத்தாவின் கோல்ஃப் வீரர் சௌரசியா, மைதானப் பணியாளரின் மகன்.

5. பதினான்கு கோல்ஃப் கட்டைக்கு மேல் பையில் வைக்கக் கூடாது என்பது விதி. உங்களுக்கு ஏழு போதும். பழையதே வாங்குங்கள்.

6. பயிற்சியில் பாதி நேரத்துக்கு மேல் கிரீனைச் சுற்றியே இருங்கள். தண்ணீர் இல்லாத மைதானங்களில் அந்தக் காலத்தில் கிரீனுக்குப் பதில் 'பிரவுன்'தான், எண்ணெய் கலந்து கெட்டிப்படுத்திய மணல். அதில் உருட்டிப் பழகின எங்களுக்குப் புல் கிடைத்தபோது சொர்க்கமாக இருந்தது.

7. வயதைச் சாக்கு சொல்லாதீர்கள், பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மஹூ ஊர்க்காரர் முகேஷ் குமார் ஆசிய டூரில் முதல் பட்டம் வென்றது 2016-ல், 51 வயதில். அதுவும் சீனியர் போட்டியில் இல்லை, இளைஞர்களோடு மோதி டெல்லியில் வென்றது. ஜெர்மனியின் பெர்ன்ஹார்ட் லாங்கருக்கு 2024 பிப்ரவரியில் குதிகால் தசைநாண் அறுந்தது. மே மாதம் மைதானத்துக்குத் திரும்பினார். நவம்பரில், 67 வயதில், கடைசிக் குழியில் சுமார் 30 அடி தூரத்திலிருந்து பந்தை உருட்டிவிட்டு ஜெயித்தார். அமெரிக்க சீனியர் டூரில் அது அவருடைய 47-வது வெற்றி, வேறு யாரும் அத்தனை வென்றதில்லை. முப்பது அடி உருட்டுவதற்குத் தோள்வலிமை எதற்கு?

8. போட்டி பார்க்கப் போனால் போனை அணைத்துவிடுங்கள். அடிக்கிறவரின் பின்னால் நடக்காதீர்கள். முந்தின நாள் இரவே பஸ் ஏறுங்கள். விடிந்த பிறகு போய்ச் சேர்ந்தால் குழி வெட்டி முடித்திருப்பார்கள்.