புலிமுகம் பார்க்க கேரித் தீவுக்கு

மர முகமூடி பார்க்க ஆசையா? கெப்பாலா பத்தாஸிலிருந்து ஜார்ஜ்டவுன் நினைவுப்பொருள் கடைகளுக்குப் போய் நேரத்தை வீணாக்காதீர்கள். பெர்த்தாம் டோலில் ஏறித் தெற்கே போங்கள். சிலாங்கூர் கடலோரத்தில் கேரித் தீவு இருக்கிறது. அங்கே வாழும் மா மெரி பூர்வகுடியினர் செதுக்கும் முகமூடிகளுக்கு இந்த நாட்டில் ஈடு இல்லை.

காரில் ஐந்து மணி நேரத்துக்குக் குறையாது. ரயில் என்றால் பட்டர்வொர்த்திலிருந்து கேஎல் சென்ட்ரல், அங்கிருந்து கிள்ளான், பிறகு வாடகைக் கார். தீவுக்குப் பாலம் உண்டு. வழியெல்லாம் செம்பனைத் தோட்டம்தான்.

சுங்கை பும்பூன் கிராமத்தில் இறங்கி, முதலில் சங்கிலிப் புலியைக் காட்டச் சொல்லுங்கள். ஞிரே பத்து என்ற சதுப்புநில மரத்தின் செந்நிறக் கட்டையில் செய்தது. புலியும் ஒரே கட்டை, அதன் சங்கிலியும் அதே கட்டை. ஒட்டு இல்லை, ஆணி இல்லை. ஆனாலும் வளையத்தை விரலால் தள்ளினால் தனியாக ஆடுகிறது! யுனெஸ்கோவின் கைவினைச் சிறப்பு முத்திரை பெற்ற வேலைப்பாடு இது.

முகமூடிகள் சுவரில் மாட்டுவதற்காகப் பிறந்தவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு 'மொயாங்', அதாவது முன்னோர் ஆவி. மனித முகங்களோடு காட்டு விலங்குகளும் கடல் உயிர்களும் அந்த வரிசையில் உண்டு. மாலி நாட்டு பம்பரா உழவர்கள் விளைச்சல் வேண்டி 'சிவாரா' மான் தலையைச் சூடி ஆடுகிறார்கள். இங்கே முன்னோரை வரவழைக்க ஆடுகிறார்கள். மூங்கில் குழாய்கள் தரையில் இடிக்க, வயலினும் மேளமும் சேர, பெண்கள் நடுவிலுள்ள மேட்டைச் சுற்றி வருவார்கள். முகமூடி அணிந்த ஆண்களும் கூடவே ஆடுவார்கள். இதுதான் மாயின் ஜோஒ.

முன்னோர் நாளான ஹாரி மொயாங் அன்று போவதே உத்தமம். பெரும்பாலும் சீனப் புத்தாண்டுக்குப் பிந்தைய வாரங்களில் வரும். கிராமத்தில் தேதியை உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். கூட்டத்துக்கும் தயாராகுங்கள். ஒருமுறை படம் எடுக்க வந்தவர்கள் ஆட்டத்துக்குள்ளேயே புகுந்துவிட்டார்கள். முகமூடிக்கு ஒரு முழத் தூரத்தில் கேமராவை நீட்டி, "இந்தப் பக்கம் திரும்பு" என்று அதட்டல் வேறு. ஆடியவர்கள் பொறுமையாக விலகி ஆடினார்கள். பார்த்தவர்களுக்குத்தான் வயிறு எரிந்தது. வழிபாட்டு இடத்தில் இப்படிச் செய்பவரைக் கண்டால் தயங்காமல் தட்டிக் கேளுங்கள்.

வாங்குவதென்றால் செதுக்கியவர் கையிலிருந்தே வாங்குங்கள், பேரம் வேண்டாம். கோலாலம்பூர் கடைகளில் பளபளக்கும் வார்ப்பு முகமூடிகளைத் தொடவே வேண்டாம். தீவுவரை போக முடியாதவர்கள் தேசிய அரும்பொருளக வளாகத்தில் உள்ள பூர்வகுடிக் கைவினை அரும்பொருளகத்துக்குப் போகலாம். கேஎல் சென்ட்ரலுக்குப் பக்கம்தான்.