நெறிக்கட்டியும் நம் வாலிபர்களும்

இம்மாதப் பாடத்திற்கு நாம் எடுத்துக்கொண்ட விஷயம், நம் பிள்ளைகள் உழைக்கத் தொடங்கும் வயதில் அவர்களைப் பிடிக்கும் ஒரு வியாதி. டாக்டர்கள் அதை லிம்போமா என்பார்கள். தமிழில் நிணநீர்ப் புற்று எனலாம். புற்று என்ற சொல் காதில் விழுந்ததும் கபன் துணியை நினைப்பது நம்மவர் வழக்கம். இவ்வியாதியின் விஷயத்தில் அவ்வழக்கம் பெரும் பிழை. வாலிபர்களுக்கு வரும் புற்றுகளுள் நன்றாகக் குணமாகக்கூடியவற்றில் இதுவும் ஒன்று. ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. காலத்தோடு கண்டுபிடிக்க வேண்டும். தொடங்கிய வைத்தியத்தை முடிக்க வேண்டும். இவ்விரண்டிலும் நோயாளியைவிட வீட்டாரும் ஊராருமே அதிகம் தவறுகிறார்கள் என்பது நம் கருத்து. நாம் வைத்தியர் அல்லோம், கடை வைத்துப் பிழைப்பவர். ஆயினும் ஒரு வீட்டார் அறிந்திருக்க வேண்டியவற்றை எளிய சொற்களில் எடுத்துச் சொல்ல முயல்கிறோம்.

1. வியாதி யாது?

காலில் முள் தைத்துப் புண்ணானால் தொடை இடுக்கில் நெறி கட்டுவதை யாவரும் அறிவோம். பல் வீங்கினால் தாடைக்கு அடியில் கட்டும். உடலெங்கும் நூற்றுக்கணக்கில் இருக்கும் இந்த நெறிகள் காவல் சாவடிகளைப் போன்றவை. வெள்ளையணுக்களில் ஒரு வகை அங்கே தங்கி, உள்ளே நுழையும் கிருமிகளோடு போராடும். புண் ஆறியதும் நெறியும் வற்றிவிடும். அந்தக் காவல் அணுக்களே கட்டுமீறிப் பெருகுவதுதான் லிம்போமா.

அதில் பல பிரிவுகள் உண்டு. வாலிபர்களிடம் அதிகம் காணப்படுவது ஹாட்ஜ்கின் என்ற பிரிவு. 15 வயதுக்கும் 35 வயதுக்கும் இடையில் மிகுதியாக வரும். லண்டனில் கைஸ் ஆஸ்பத்திரியில் இருந்த தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற டாக்டர் 1832ல் இதை முதலில் எழுதி வைத்தார். அவர் 1866ல் பாலஸ்தீனத்தின் யாஃபா பட்டணத்தில் மரணமடைந்து அங்கேயே அடக்கமானார். அவர் காலத்தில் இதற்கு மருந்தே இல்லை.

இது தொற்றுநோயன்று. ஒரே தட்டில் உண்பதால் வராது; ஒரே அறையில் உறங்குவதால் வராது. தாய் தகப்பன் செய்த எந்தக் குற்றத்தின் பலனும் அன்று.

2. அறிகுறிகள்

கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் கட்டி தோன்றும். பெரும்பாலும் வலி இராது. வலியில்லை என்பதனால் கவலையில்லை என்று எண்ணுவதுதான் நம்மை ஏமாற்றுகிறது. இரண்டு மூன்று வாரத்தில் வற்றாத கட்டியை டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். காரணமில்லாத காய்ச்சல், படுக்கை நனையும்படி இரவில் வியர்த்தல், உடலெங்கும் அரிப்பு, ஓயாத இருமல் ஆகியவையும் கூட வரலாம். எடை குறைவதையும் கவனிக்க வேண்டும். 60 கிலோ இருந்தவர் ஆறு மாதத்திற்குள் காரணமின்றி 6 கிலோ இழந்தால் அது எச்சரிக்கை.

3. காலம் எப்படிக் கழிகிறது?

கழுத்தில் கட்டி வந்தால் எல்லாம் புற்றல்ல. சாதாரணக் கிருமியாலும் வரும், காசநோயாலும் வரும். பெரியவர்கள் கண்டமாலை என்றது பெரும்பாலும் காசநோய்க் கட்டியைத்தான். ஆகையால் டாக்டர் முதலில் கிருமிக்கு மாத்திரை கொடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் மாத்திரை முடிந்தும் கட்டி வற்றாவிட்டால், மற்றொரு கிளினிக்கில் மற்றொரு மாத்திரை வாங்குவது வழியல்ல. கட்டியை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்று நாமே கேட்க வேண்டும். அதற்குப் பயாப்ஸி என்று பெயர். மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுப்பது பல வேளைகளில் போதாது. நெறியை முழுதாகவோ தடித்த துண்டாகவோ எடுத்துப் பார்த்தால்தான் எந்தப் பிரிவு என்று தெளிவாகும்.

இங்கேதான் வீட்டில் தடை எழுகிறது. கத்தி பட்டால் புற்று பரவிவிடும் என்பார்கள். அது உண்மையல்ல. சோதனைக்காக நெறியை எடுப்பதனால் இவ்வியாதி பரவுவதில்லை. எடுக்காமல் விடுவதனால்தான் அது வளர நாள் கிடைக்கிறது.

முன்காலத்தில் ஜாசின், அலோர்காஜா வட்டாரத் தோட்டங்களில் டிரெஸர் கொடுத்த மருந்தே முதலும் முடிவுமாக இருந்தது. இன்று தோட்டத்துப் பிள்ளைகள் பத்து பெரெண்டாமிலும் ஆயர் குரோவிலும் வேலை செய்கிறார்கள். ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள். ஆஸ்பத்திரி எட்டிவிட்டது, ஆனால் ஒரு நாள் சம்பளம் போய்விடுமே என்ற பயம் விடவில்லை. வீட்டிலோ கண்ணேறு என்று ஓதிப் பார்க்கிறார்கள். ஓதுவதை நாம் தடுக்கவில்லை. ஓதிய அன்றைக்கே டாக்டரிடமும் போகவேண்டும் என்கிறோம்.

4. மறைப்பது நன்றா?

சோதனை முடிவு வந்ததும், "பிள்ளையிடம் சொல்லாதீர்கள்" என்று தகப்பனார் டாக்டரைக் கேட்டுக்கொள்வதுண்டு. அன்பினால் செய்வதுதான். ஆனால் இருபது வயதைக் கடந்தவன் குழந்தையல்ல. ஊசி ஏறுவது அவன் கையில். முடி உதிர்வது அவன் தலையில். வியாதியின் பெயர் தெரியாதவன் இரண்டு முறை மருந்து ஏற்றியதும் கட்டி வற்றியதைக் கண்டு, "எனக்குச் சுகமாகிவிட்டது" என்று மீதியை விட்டுவிடுவான். அந்த மீதியில்தான் குணம் இருக்கிறது. கட்டி கண்ணுக்கு மறைந்தாலும் உள்ளே அணுக்கள் மிஞ்சியிருக்கும். ஆகையால் உண்மையை அவனிடம் முதலில் சொல்ல வேண்டும். யாருக்குச் சொல்வது என்பதை அவனிடமே விட வேண்டும். பெண்பிள்ளைக்கும் இதே நியாயம்தான்.

5. மருந்தின் கதை

நம் வாசல்களில் பூக்கும் நித்தியகல்யாணியை யாவரும் அறிவோம். 1950களில் கனடா நாட்டில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர், அது நீரிழிவுக்கு உதவுமா என்று ஆராய்ந்தார்கள். நீரிழிவுக்கு உதவவில்லை, ஆனால் வெள்ளையணுக்களைக் குறைப்பதைக் கண்டார்கள். அதிலிருந்து 1958ல் வின்பிளாஸ்டின் என்ற மருந்து பிறந்தது. இதைப் படித்துவிட்டு யாரும் அச்செடியை வேகவைத்துக் குடிக்க வேண்டாம். பச்சையாக அது விஷம். தூய்மையாக்கி, மில்லிகிராம் கணக்கில் அளந்து ஏற்றும்போதுதான் மருந்து. நாட்டு மருந்து எதையேனும் உண்பவர் அதை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

தனி மருந்து ஒன்றால் வியாதி சில மாதம் அடங்கிப் பின் திரும்பியது. 1960களில் அமெரிக்காவில் வின்சென்ட் டெவிட்டாவும் கூட்டாளிகளும் நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அதிலிருந்துதான் முற்றிய ஹாட்ஜ்கின் வியாதியும் குணமாகத் தொடங்கியது. 1970களில் இத்தாலியின் மிலான் நகரில் பொனடோனா என்பவர் வேறு நான்கு மருந்துகளைச் சேர்த்தார். அதில் வின்பிளாஸ்டினும் ஒன்று. ஏ.பி.வி.டி. என்னும் அக்கூட்டு இன்றும் வழக்கத்தில் உள்ளது. இரண்டு வாரத்திற்கு ஒருமுறை ஏற்றுவார்கள். வியாதியின் நிலைக்கேற்ப சில மாதங்கள், பெரும்பாலும் ஆறு மாதம் வரை நடக்கும். மற்றப் பிரிவுகளுக்கு வேறு கூட்டுகளும் வேறு தவணைகளும் உண்டு.

முழு வைத்தியம் கிடைக்கும் நாடுகளில் ஹாட்ஜ்கின் வந்தவர்களில் பத்துக்கு எட்டு ஒன்பது பேர் ஐந்து ஆண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். நான்காம் நிலை என்று டாக்டர் சொன்னாலும் கைவிட வேண்டியதில்லை. மற்றப் புற்றுகளில் அச்சொல்லுக்குள்ள பொருள் வேறு, இதில் வேறு.

பக்கத்துச் சிங்கப்பூரில் லீ சியன் லூங் துணைப் பிரதமராக இருந்தபோது, 1992ல், 40ஆம் வயதில் அவருக்கு லிம்போமா கண்டது. கீமோ மருந்து ஏற்றிக் குணமடைந்தார். 2004ல் பிரதமராகி 2024 வரை இருபது ஆண்டுகள் அப்பதவியில் இருந்தார்.

6. மருந்து ஏற்றும் மாதங்கள்

முடி உதிரும், மருந்து நின்றபின் முளைக்கும். வாந்திக்கு முன்கூட்டியே மாத்திரை உண்டு. சிவப்பு மருந்து ஏறினால் சிறுநீரும் சிவப்பாகும், அது இரத்தமல்ல. வாய்ப்புண்ணுக்கு உப்புநீரில் கொப்பளிக்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது காய்ச்சல். மருந்து ஏற்றிய ஒன்றிரண்டு வாரத்தில் வெள்ளையணுக்கள் மிகக் குறையும். அப்போது 38 டிகிரியைத் தொட்டால் பனடோல் போட்டுப் படுக்கக் கூடாது. விடியட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போய், "கீமோ எடுப்பவர்" என்று முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் அவசியம்.

அரைவேக்காட்டு முட்டை, பச்சை உலாம், வெட்டி வைத்த கடைப் பழம் ஆகியவற்றை அம்மாதங்களில் தள்ள வேண்டும். கந்தூரி விருந்துக் கூட்டத்துக்கும் அழைக்க வேண்டாம். நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பது அல்பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்களில் தெளிவு. மருந்து ஏற்றும் உடலோடு நோன்பு வைக்கத் துடிப்பவரை, "சுகமானபின் வைக்கலாம்" என்று நாமே தடுக்க வேண்டும். ஏன் வைக்கவில்லை என்று கேட்பது அதைவிடக் கேடு.

7. பிள்ளைப்பேறும் திருமணமும்

வாய்விட்டுப் பேச நாணும் விஷயம் இது. நாணினால் நஷ்டம் வாலிபருக்கே. சில மருந்துகள் பிள்ளைப்பேற்றைக் குறைக்கக்கூடும். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. ஆணின் விந்தையும் பெண்ணின் கருமுட்டையையும் உறையவைத்துப் பின்னாளில் நிக்காஹ் செய்த துணையோடு பயன்படுத்த வழியுண்டு. ஆனால் அதை முதல் மருந்து ஏறுமுன் கேட்க வேண்டும். பெண்ணுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம் வேண்டியிருக்கும். டாக்டர் சொல்ல மறந்தாலும் வீட்டார் கேட்க மறக்கக் கூடாது.

சம்பந்தம் பேசும்போது வந்துபோன வியாதியை மறைப்பதை நாம் ஒப்பவில்லை. மறைத்துக் கட்டிய வீடு முதல் மழைக்கே ஒழுகும். அதேபோல, குணமடைந்த பிள்ளையைச் சேதமான சரக்கைப் போல ஒதுக்கும் வீட்டாரையும் நாம் ஒப்பவில்லை. வியாதி திரும்புமானால் பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் திரும்பும். அதைக் கடந்தவரைக் குறித்து டாக்டரிடமே கேட்டுத் தெளியலாம்.

8. பணமும் வேலையும்

மலாக்கா அரசாங்க ஆஸ்பத்திரியிலிருந்து அம்பாங் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுவோர் உண்டு. இரத்த வியாதிகளுக்கு நாட்டின் தலைமை இடம் அது. குடிமக்களுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் சிறிதே. கையைக் கடிப்பவை வழிச்செலவும் இழந்த சம்பளமும்தான்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, சேவைக் காலத்துக்கேற்ப ஆண்டுக்கு 14, 18 அல்லது 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. ஆகையால் ராஜினாமாக் கடிதம் எழுதுமுன் சட்டத்தைக் கேட்க வேண்டும். இ.பி.எப். சேமிப்பிலிருந்து கடும் நோய்க்குப் பணம் எடுக்கலாம். வேலை செய்ய இயலாமற்போனால் சொக்சோவில் விண்ணப்பிக்கலாம். 1994ல் தோன்றிய மக்னா என்ற தேசியப் புற்றுநோய் மன்றமும், மாநில ஜகாத் நிலையமும் உதவுகின்றன. இவற்றுக்கு வழிகாட்ட ஆஸ்பத்திரியிலேயே சமூகநல அதிகாரி இருக்கிறார். படிக்கும் பிள்ளை கல்லூரியை விட்டுவிடாமல் தவணையை ஒத்திவைக்கக் கேட்கலாம்.

9. ஊரார் கடமை

பொறுமையாக இரு என்று சொல்லிவிட்டு எழுந்து போவது எளிது. அம்பாங் போய்வர முந்நூறு கிலோமீட்டர் ஆகும். வெள்ளையணு குறைந்தவரைப் பஸ் நெரிசலில் அனுப்பலாகாது. கார் உள்ளவர்கள் ஆளுக்கொரு தவணை எடுத்துக்கொண்டால் ஒருவருக்கும் பாரமில்லை. கீமோ எடுப்பவருக்கு இரத்தம் தேவைப்படும். வாலிபர்கள் கூட்டமாகப் போய்க் கொடுக்கலாம். சளி இருமல் உள்ளவர் நலம் விசாரிக்கப் போகாமல் போனில் பேசுவதே உபகாரம். மருந்து முடிந்த பின்னும் சில மாதம் அயர்ச்சியும், வியாதி திரும்புமோ என்ற பயமும் இருக்கும். "இனி என்ன குறை?" என்று கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்.

கலந்து பேச வினாக்கள்

1. வலியில்லாத கட்டியை எத்தனை நாளில் காட்ட வேண்டும்?
2. பயாப்ஸி ஏன் அவசியம்? அதைப் பற்றி நம் வீடுகளில் நிலவும் தவறான எண்ணம் யாது?
3. கட்டி வற்றியபின்னும் மருந்தை ஏன் முடிக்க வேண்டும்?
4. கீமோ எடுப்பவருக்கு நள்ளிரவில் 38 டிகிரி காய்ச்சல் என்றால் நம் வீட்டிலிருந்து யார், எந்த வண்டியில் அழைத்துப் போவது?
5. நம் ஊரில் அடுத்த மாதம் அம்பாங்குக்குக் கார் ஓட்ட முன்வருவோர் யார் யார்? பெயர் எழுதி வைத்துக்கொள்வோமாக.