நீரடிப் பற்றவைப்பும் அதன் சந்தையும்

என் முதுகலை ஆய்வின் ஓராண்டை நீரடிப் பற்றவைப்புக்குக் கொடுக்கலாமா என்றறிய, அதன் வாணிப வாய்ப்பை எடைபோட்டேன்.

1932-இல் சோவியத் பொறியாளர் கிரெனோவ் செய்துகாட்டிய ஈரமுறையில் செலவு குறைவு. ஆனால் இணைப்பு நீர்பட்டுச் சட்டெனக் குளிரும், ஹைட்ரஜன் புகும், விரிசல் காணும். குழாயைச் சுற்றிக் கூண்டமைத்து, வாயுவால் நீரை வெளியேற்றிச் செய்யும் உலர்முறை உறுதியானது. ஆயின் கூண்டுக்கும் கப்பலுக்கும் முக்குளிப்போருக்குமே பெருஞ்செலவு. இறுக்கும் கவ்வி போதுமெனில் வாங்குவோர் அதையே நாடுவர்.

1976 முதல் எண்ணெய் தரும் மும்பை ஹை போன்ற கடல் வயல்களில் பழுது வரும்; நாள்தோறும் வராது. எனவே இணைப்பின் விலையை மட்டும் பாராமல், குழாய் மூடிக்கிடக்கும் நாட்களின் இழப்பையும் கணக்கிட வேண்டும். சந்தை சிறிது, தேவை மெய். முக்குளிப்போரின்றி இயங்கும் தானியங்கி முறை அமைந்தால் உயிராபத்து குறையும். அதற்கே என் ஓராண்டு!